கடைப் பெயர் இல்லாத ஸ்டிக்கர்

மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்ட நான் ஆறு வேன்களுக்கு முதலாளியானவன். ஆறிலும் என் பெயர் தூரத்திலிருந்தே தெரியும். ஆறாவது வேனுக்கு ஸ்டிக்கர் ஒட்டியவர் தென்காசியில் கடை வைத்திருப்பவர். ஒடிசலான ஆள். தூங்கி வெகுநாளானது போன்ற கண்கள். ஒட்டுவதற்கு முன் வேனின் தகட்டில் கன்னத்தை வைத்துப் பார்ப்பார். ஈரம் கைக்குத் தெரியாது, கன்னத்துக்குத்தான் தெரியும் என்பார்.

அன்று குற்றாலச் சாரல் தென்காசி வரை அடித்தது. தகட்டிலிருந்து கன்னத்தை எடுத்தவர், "இன்னைக்கு ஒட்டுனா நிக்காது அண்ணாச்சி. வெயில் வரட்டும்" என்றார்.

"சீசனுக்கு ஓடுத வண்டிவே. வெயில் வந்தா கூட்டம் போயிருமே! நான் சொல்லுதேன், நீரு ஒட்டும்வே."

பெருமூச்சு விட்டு, துடைத்துத் துடைத்து ஒட்டினார். ஒரு குமிழ்கூட இல்லை. ஆனால் எல்லா வண்டியிலும் ஓரத்தில் சின்னதாக ஒட்டும் தன் கடைப் பெயரை மட்டும் அவர் ஒட்டவில்லை.

"உம்ம பேரு எங்கவே?"

"நிக்காதுன்னு தெரிஞ்சே ஒட்டுதேன். அதுல எம்பேரு எதுக்கு?"

இரண்டு சீசன் போய்விட்டது. ஸ்டிக்கரின் ஒரு முனைகூட எழும்பவில்லை. ஜெயித்துவிட்ட நினைப்பில் வேனை அவர் கடை முன்னால் நிறுத்தி, "இப்பவாவது உம்ம பேரை ஒட்டும்வே" என்றேன். அவர் நகத்தால் ஓரத்தைத் தடவிப் பார்த்தார்.

"நின்னது உங்க அதிர்ஷ்டம் அண்ணாச்சி. என் வேலை இல்ல" என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போனார்.

எத்தனையோ பேரைப் பேசியே மடக்கியவன் நான். அவரை மடக்க முடியவில்லை. மடக்கிப் பார்க்கும் தெம்பும் ஏனோ அன்று எனக்கு வரவில்லை.