அப்பா வாங்கிய ஆம்ப்ளிஃபயரும் நண்பர்கள் தந்த ஸ்பீக்கரும்

அப்பா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் என்ன எழுதலாம் என்று அம்மாவிடம் கேட்டேன். "பொறந்தது, வளந்தது எல்லாம் எழுது. ஆனா அந்தப் பாட்டுப் பொட்டி சமாச்சாரத்த உட்றாத. உங்கப்பா எப்பேர்ப்பட்ட ஆளுன்னு அதுலயே தெரிஞ்சிடும்" என்றார். அம்மாவின் பேச்சைத் தட்டும் துணிச்சல் எங்கள் வீட்டில் அப்பாவுக்கே இருந்ததில்லை. மூத்த மகளான எனக்கு எங்கிருந்து வரும்?

அப்பா ஆரம்பாக்கத்தில் நெல் விவசாயக் குடும்பம் ஒன்றில் கடைசிப் பிள்ளையாகப் பிறந்தார். சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்தவரை, அவருடைய அண்ணனான என் பெரியப்பாதான் தன் படிப்பை நிறுத்திக்கொண்டு ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படிக்க வைத்தார். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பி ஆலையில் பராமரிப்புப் பிரிவில் வேலை கிடைத்தது. அம்மாவைக் கைப்பிடித்ததும் பொன்னேரியில் குடியேறினார். ஓய்வு பெறும்வரை அந்த ஆலைதான், அதற்குப் போய்வரும் அந்த ரயில்தான்.

நடுவில் ஆலை பல மாதங்கள் மூடிக் கிடந்தது. அப்பாவும் உடன் வேலை செய்த நான்கு நண்பர்களும் சேர்ந்து, சுற்று வட்டாரத்தில் கிடைத்த பழுது வேலைகளை எல்லாம் எடுத்துச் செய்தார்கள். வந்ததை ஐந்து பங்காகப் பிரித்துக்கொண்டார்கள். அந்த நாட்களில் எங்கள் வீட்டில் ஒரு வேளைகூட அடுப்பு அணையவில்லை என்றால் அதற்கு அந்த நால்வரும் காரணம். அப்பா அதை எங்களுக்கு அடிக்கடி நினைவுபடுத்துவார். நாங்கள் மறந்தால் கோபமும் படுவார்.

அப்பா ஓய்வு பெற்ற அன்று அந்த நண்பர்கள் நால்வரும் வீடு வரை வந்து ஒரு பரிசு கொடுத்தார்கள். அலமாரியில் வைக்கும் அளவில், மரப் பெட்டியில் செய்த ஒரு ஜோடி நல்ல ஸ்பீக்கர்கள். வாழ்நாள் முழுக்க இரைச்சலில் நின்ற மனிதர் இனி வீட்டில் உட்கார்ந்து நிம்மதியாகப் பாட்டுக் கேட்க வேண்டும் என்பது அவர்கள் ஆசை. அவர்களில் மூத்தவர் வெல்டர் கன்னியப்பன் மாமா. "வர ஞாயித்துக்கெழம சாப்பாட்டுக்கு வரோம் மச்சான். நம்ம பொட்டி எப்பிடிப் பாடுதுன்னு கேக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர்கள் போன பிறகு பெட்டியைப் பிரித்தோம். அம்மா பின்பக்கம் தடவிப் பார்த்துவிட்டு, "இன்னாங்க இது, பிளக்கே காணோம்?" என்றார். பின்னால் சிவப்பும் கறுப்புமாக இரண்டு திருகுகள்தான் இருந்தன. மைக் செட் வைத்திருக்கும் பெரியப்பா மகன் பாஸ்கர் வந்து பார்த்துச் சிரித்தான். "சித்தப்பா, இது தனியா பாடாது. இதுக்கு ஆம்ப்ளிஃபயர் வேணும். அது இல்லன்னா இது ஷோகேஸ் பொம்மைதான்."

அம்மா உடனே, "அப்ப மீதி எங்கன்னு அவங்களையே கேட்டுடலாமே" என்றார், விளையாட்டாகத்தான். அப்பாவின் முகம் மாறிவிட்டது. "யாரும் வாயத் தொறக்கக் கூடாது. ஆசையா வாங்கியாந்து குடுத்திருக்காங்க. பாதிப் பொருளக் குடுத்துட்டோம்னு தெரிஞ்சா அவனுங்க மனசு ஒடிஞ்சிடும்" என்றார். ஏதோ சாக்குச் சொல்லி விருந்தை இரண்டு வாரம் தள்ளி வைத்தார். அதற்குள் ஆம்ப்ளிஃபயர் வந்தாக வேண்டும்.

ஏதோ ஒன்றை வாங்கி மாட்டுகிற மனிதரா அவர்? ஒரு கதவுக் கீல் மாற்றுவதற்கே கடை கடையாக ஏறி இறங்கி அம்மாவைப் பேஜார் செய்பவர். பாஸ்கர் தன் மைக் செட் ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிவந்து, "இதப் போடு சித்தப்பா, பொன்னேரி ஸ்டேஷன் வரைக்கும் கேக்கும்" என்றான். "ஸ்டேஷன்ல இருக்கிறவங்க இன்னாடா பாவம் பண்ணாங்க?" என்று அப்பா அதைத் திருப்பி அனுப்பிவிட்டார். பக்கத்து வீட்டில் இருந்த சின்ன ஆம்ப்ளிஃபயர் ஒன்றை இரவல் வாங்கிப் பொருத்திப் பார்த்தோம். பாட்டு வந்தது. கொஞ்சம் சத்தம் கூட்டியதும் குரல் கம்மிக் கரகரத்தது. ஆம்ப்ளிஃபயர் தொட்டால் சுட்டது.

செவ்வாப்பேட்டையில் என் வீட்டில் உட்கார்ந்து நான் போனில் தேடித் தேடிப் படித்தேன். படித்ததை எல்லாம் அப்பாவிடம் சொல்வேன். அவர் அதை ஆலை பாஷைக்கு மாற்றிக்கொள்வார். எங்கள் ஸ்பீக்கர் நாலு ஓம், அதிகக் கரண்டை இழுக்கும் ரகம். அதோடு, கொடுக்கும் சக்திக்குக் கொஞ்சம் குறைவாகவே சத்தம் தருவது. "புரிஞ்சிட்சி பாப்பா. லோடு அதிகம், மோட்டார் சின்னது. அதான் சூடாவுது. கத்துற ஆம்ப்ளிஃபயர் வேணாம். தம் புடிச்சி இழுக்கிறதா வேணும்" என்றார். வாட்ஸ் கணக்கை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது, நாலு ஓமில் தளராமல் நிற்குமா என்று கேட்டு வாங்க வேண்டும் என்று நான் படித்ததும் அதேதான்.

சென்னையில் ஒரு கடைக்கு அப்பா, அம்மா, நான் மூவரும் போனோம். கடைக்காரர் பொறுமைசாலி. அறை எவ்வளவு பெரிது, எங்கே உட்கார்ந்து கேட்பீர்கள், என்ன மாதிரிப் பாட்டு என்றெல்லாம் விசாரித்தார். எங்களுடையதைப் போன்ற ஸ்பீக்கரிலேயே ஒவ்வொன்றாக மாட்டிக் காட்டினார். முதலாவது பளிச்சென்று பாடியது. எனக்குப் பிடித்துவிட்டது. அம்மா மட்டும், "நாலு பாட்டு கேட்டா தல வலிக்கும்" என்றார். அடுத்தது மெத்தென்று இருந்தது, ஆனால் தவிலின் அடி எங்கோ பாயைப் போட்டு மூடியதுபோல் கேட்டது. மூன்றாவது அருமை. அதில் சத்தத்துக்கான ஒரே ஒரு திருகுதான் இருந்தது. குரலைக் கெடுக்கும் வேறு திருகு எதுவும் இல்லாததே அதன் சிறப்பு என்றார் கடைக்காரர்.

அப்பா தயங்கினார். "சார், கனமான சத்தத்துக்கு பாஸ், மெல்லிசு சத்தத்துக்கு ட்ரெபிள்னு ரெண்டு திருகு வச்சது இருக்குதுங்களா? எங்க ஆளுங்க காது எல்லாம் மில்லு காது. மெல்லிசா வர சத்தம் காதுல ஏறாது. அதக் கொஞ்சம் தூக்கிக் குடுத்தாதான் அவங்களுக்குப் பாட்டு முழுசாத் தெரியும்" என்றார்.

கடைக்காரர் மறுபேச்சுப் பேசாமல் உள்ளே போய், கனமான ஒன்றைத் தூக்கி வந்தார். நாலு ஓமில் தளராது, இரண்டு திருகுகளும் உண்டு, குறைந்த சத்தத்திலும் குரல் தெளிவாக இருக்கும் என்றார். அம்மா கண்ணை மூடிக் கேட்டார். அதையே வாங்கினோம். "மேலே காத்து போக நல்லா இடம் விடுங்க, மூடி வைக்காதீங்க" என்று கடைக்காரர் சொல்லி அனுப்பினார்.

வாழ்நாள் எல்லாம் சூடேறிய இயந்திரங்களைப் பார்த்த அப்பா, வீட்டுக்கு வந்து செய்த முதல் காரியம் அதை மூடி வைத்ததுதான். அலமாரியின் அடித்தட்டில் ஆம்ப்ளிஃபயரை வைத்து, கதவைச் சாத்தி, ஒயரை எல்லாம் பின்னால் மறைத்தார். பார்ப்பவர்களுக்கு நண்பர்களின் ஸ்பீக்கர் தானே பாடுவதாகத் தெரிய வேண்டும். நான் எடுத்துச் சொன்னேன். "சாப்புட்டு முடிக்கிற வரைக்கும் தாங்கும் பாப்பா" என்றார்.

தாங்கவில்லை. பழவேற்காட்டு நண்டும் இறாலும் இலையில் விழுந்து, நால்வரும் பாட்டுக்குத் தலையாட்டிக்கொண்டே சாப்பிடும்போது பாட்டு சட்டென்று நின்றது. அப்பா எழுந்திருக்கவும் முடியாமல், உட்காரவும் முடியாமல் தவித்தார். கன்னியப்பன் மாமா கையைக் கழுவிக்கொண்டு வந்து ஒயரைப் பிடித்தபடியே போய் அலமாரிக் கதவைத் திறந்தார். உள்ளே சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. அவர் அதையே பார்த்தார், பிறகு அப்பாவைப் பார்த்தார்.

"இன்னா மச்சான் இது? இது இல்லன்னா நாங்க குடுத்தது பாடாதா?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். "நீங்க குடுத்ததுதான் பாடுது. இது சும்மா தொணைக்கு" என்றார். மாமா அந்தக் கனத்தை ஒற்றை ஆளாக வெளியே இழுத்து, அலமாரியின் மேல், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வைத்தார். "பாதி எங்களுது, பாதி உன்னுது. அப்ப இது நம்ம அஞ்சு பேருக்கும் பொதுவு. மூடி வக்காத. ஞாயித்துக்கெழமன்னா நாங்க இங்கதான்" என்றார்.

சூடு ஆறியதும் அப்பா ட்ரெபிள் திருகைக் கொஞ்சம் கூட்டி மறுபடியும் போட்டார். நாதஸ்வரம் வந்தது, கூடவே கைத்தாளத்தின் மெல்லிய ஓசையும். மாமா சட்டென்று நிமிர்ந்து, "தாளச் சத்தம் கேக்குதுபா. எத்தினி வருசமாச்சி இதக் கேட்டு" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்றைக்கு அப்பாவின் முகத்தில் இருந்த சந்தோஷத்தை என் கல்யாணத்தில்கூட நான் பார்த்ததில்லை. இதை நான் பொறாமையோடுதான் எழுதுகிறேன்.

அதன்பின் ஞாயிறு தவறாமல் வந்தார்கள். அப்பாவுக்குச் சிறுநீரகம் பழுதானபோதும் வந்தார்கள். மருத்துவமனைக்கு முறை வைத்து அழைத்துப் போனதும், பிள்ளைகள் நாங்கள் வர முடியாத நாட்களில் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததும் அவர்கள்தான். படுத்த படுக்கையான பிறகு அப்பாவின் கட்டிலைக் கூடத்துக்குத் தூக்கி வந்து, இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் வாகாகப் போட்டுக் கொடுத்தார்கள். கடைசி ஞாயிறன்று அப்பா பேசவில்லை. கன்னியப்பன் மாமாவின் கையைப் பிடித்தபடி பாட்டுக் கேட்டார். இரண்டு நாளில் போய்விட்டார்.

அப்பாவின் இறுதி நாட்களில் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்ட மருத்துவர்கள், செவிலியர்கள், வீட்டு வேலை எல்லாம் தலையில் போட்டுக்கொண்ட அக்கம்பக்கத்தார், ஆரம்பாக்கத்து உறவுகள், காரியங்களுக்குப் பந்தலும் மைக்கும் போட்ட தம்பி பாஸ்கர், எல்லோருக்கும் எங்கள் குடும்பம் நன்றிக்கடன் பட்டிருக்கிறது.

நால்வருக்கு மட்டும் நன்றி சொல்லி முடிக்க என்னால் முடியவில்லை. துக்க வீட்டில் ஒரு வருடம் பாட்டு கூடாது என்பதால் பெட்டியைத் துணி போட்டு மூடி வைத்திருக்கிறோம். பாட்டு நின்றதும் அவர்களும் வருவதை நிறுத்திவிட்டார்கள். ஆம்பளை இல்லாத வீடு என்ற மரியாதைதான், எங்களுக்குப் புரிகிறது. கன்னியப்பன் மாமா தெருவோடு போகும்போது வண்டியை நிறுத்தி, கேட்டுக்கு வெளியிலேயே நின்று அம்மாவை நலம் விசாரித்துவிட்டுப் போகிறார். அம்மா அன்றைக்கெல்லாம் சரியாகச் சாப்பிடுவதில்லை.

இதை எழுதி முடித்து அம்மாவிடம் படித்துக் காட்டினேன். கடைசியில் ஒன்று சேர்க்கச் சொன்னார், அப்படியே சேர்க்கிறேன். "வருசம் முடிஞ்சிட்சி. பாதிப் பொட்டி அவங்களுதுன்னு அவரு இருக்கும்போதே பேசினது. வர ஞாயித்துக்கெழம நண்டு வாங்கி வக்கிறேன். அஞ்சு எல போடுவேன். ஒண்ணு அவருக்குப் படைக்க. மீதி நாலு எலயும் காலியாக் கெடந்தா நான் யாருக்குன்னு சோறு போடுறது?"

உள்ளே வாருங்கள், மாமா.