முள்கரண்டியில் நின்ற கூழ்

லிட்டில் இந்தியாவில் இன்று ஒரு கடையில் கேழ்வரகுக் கூழ் வாங்கி, முள்கரண்டியால் அள்ளி அள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைக்காரர் பதறி ஓடி வந்தார். "மேடம், ஏதாச்சும் விழுந்திருக்கா? நீங்க இன்ஸ்பெக்‌ஷனா?"

"இல்லண்ணே, நான் ஸ்பீச் தெரபிஸ்ட், முழுங்கப் பழக்குறதும் எங்க வேலைதான். ஸ்ட்ரோக் வந்து முழுங்க முடியாத ஒருத்தருக்கு இது. கரண்டி இடுக்குல ஒழுகாம நின்னாதான் புரையேறாது."

"அப்படியா! வெங்காயம் போடாம இன்னும் கெட்டியா தரேன் லா."

தந்தார். நின்றது!

நோயாளிக்குப் பழகிய சாப்பாட்டையே சோதித்துப் பாருங்கள் என்று சனிக்கிழமைப் பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். உண்மையைச் சொல்கிறேன், தொழில் உரிமம் புதுப்பிக்கப் பயிற்சிப் புள்ளி வேண்டுமே என்று போய், பாதித் தூக்கத்தில் கேட்ட வகுப்பு அது.

என் நோயாளி கப்பல் பட்டறையில் வேலை பார்த்த ஓர் அண்ணன். பத்து நாளாக, வார்டில் அரைத்துக் கொடுப்பதை இரண்டு வாய்க்கு மேல் வாங்கியதில்லை. ஒரு வார்த்தை பேசியதும் இல்லை.

இன்று கிண்ணம் காலி. ஓர் இருமல்கூட இல்லை.

கடைசி வாய் உள்ளே போனதும் என்னை நிமிர்ந்து பார்த்தார். மெதுவாக, தெளிவாகச் சொன்னார்: "உப்பு... பத்தல."

வார்டே கேட்கிற மாதிரி கை தட்டினேன்.

அந்த வகுப்புக்கு எனக்குப் புள்ளி போட்டாயிற்று. கூழ்க்கடைக்காரருக்கு எத்தனை போடலாம், நீங்களே சொல்லுங்கள். உப்புக்குக் குறைத்துக்கொள்ளலாம்.