ஒரு மக் உப்புத் தண்ணீர்

எங்கள் அப்பாவுக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பற்றியாவது இரண்டு நாள் லேப்டாப்பில் படித்துவிட்டால் போதும், மூன்றாம் நாள் அந்த விஷயத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. கடல் மீன் வளர்ப்பில் அவர் நிபுணரானதும் அப்படித்தான். எனக்கு அப்போது ஒன்பது வயது. காக்ஸ் டவுனில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். அப்பாவின் ஆபீஸ் நண்பர் வீட்டில் வெள்ளைப் பட்டை போட்ட ஆரஞ்சு மீனைப் பார்த்துவிட்டு வந்து மூன்று நாள் அழுதேன் என்பது உண்மைதான். அதற்காக? ஒரு தங்க மீனை வாங்கிக் கண்ணாடி ஜாடியில் விட்டிருந்தால் நான் பாட்டுக்குச் சும்மா இருந்திருப்பேன்.

அப்பாவுக்குச் சும்மா இருப்பதுதானே ஆகாது. டிவி இருந்த இடத்துக்குத் தொட்டி வந்தது, டிவி தரைக்கு இறங்கியது. பம்பு, விளக்கு, பவளப் பாறை என்று பெயர் சொல்லி வாங்கிய ஓட்டை ஓட்டைக் கற்கள் எல்லாம் வந்தன. கடல் மீனுக்கென்றே விற்கும் உப்பை ஃபில்டர் தண்ணீரில் கரைத்து ஊற்றினார். மீன் மட்டும் வரவில்லை. ஒரு மாதம் வெறும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கேட்டால், "தண்ணி மொதல்ல பழகணும்மா" என்பார். தண்ணீர் எதற்குப் பழக வேண்டும் என்று எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. போதாக்குறைக்கு அது கோடைக்காலம். குழாயில் இரண்டு நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர் வரும். கீழ் வீட்டு ஓனர் ஆன்ட்டி மேலே வந்து பார்த்துவிட்டு, "ஏரியாவுக்கே நீரு இல்லா, உங்க மனையில சமுத்ரமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அம்மாவுக்கு மானம் போயிற்று.

கடைசியில் இரண்டு மீன்கள் வந்தன. பெரியதற்கு மிட்டாய் என்றும் சின்னதற்குப் பட்டாணி என்றும் பெயர் வைத்தேன். பள்ளிக்கூட வேன் ஹாரன் அடிக்கும்வரை தொட்டி முன்னால்தான் உட்கார்ந்திருப்பேன். நான் விரலைக் கண்ணாடியில் வைத்தால் பட்டாணி ஓடி வரும். வேறு யார் வைத்தாலும் வராது. இதை வகுப்பில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை.

வந்தது பிரச்சினை. பெங்களூர் வெயிலுக்கும் ஹால் ஃபேனுக்கும் தொட்டித் தண்ணீர் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. அப்பா கண்ணாடியில் சிவப்பு டேப்பால் ஒரு கோடு ஒட்டி, அந்தக் கோடு வரை உப்புத் தண்ணீரை ஊற்றி நிரப்பினார்.

"ஏங்க, ஆவியாப் போறது தண்ணிதானே? உப்பு எங்க போகும், அங்கயேதான கெடக்கும்?" என்றாள் அம்மா. "ரசம் சுண்டினா கரிக்குதா இல்லையா? வெறும் தண்ணிய ஊத்துங்க."

"ரசமும் கடலும் ஒண்ணா? கொறையறது கடல் தண்ணி. அப்ப கடல் தண்ணியத்தான் ஊத்தணும். சிம்பிள் லாஜிக்."

உப்பை அளக்க ஒரு கண்ணாடிக் குழல் வாங்கியிருந்தார்தான். இரண்டாம் நாளே அதைக் கழுவப்போய் உடைத்துவிட்டு, அனுபவம் இருப்பவனுக்கு அதெல்லாம் தேவையில்லை என்றார். அனுபவமாம், இரண்டு நாள் அனுபவம்! அம்மா அதற்கப்புறம் வாயைத் திறக்கவில்லை. அவள் வாயைத் திறக்கவில்லை என்றால் வேறு வழி பார்க்கிறாள் என்று அர்த்தம். அது எங்கள் வீட்டில் எனக்கும் அப்பாவுக்கும் மட்டும் தெரியாது.

இரண்டு நாள் கழித்து அப்பா பார்க்கிறார், தண்ணீர் கோட்டை விட்டு இறங்கவே இல்லை. மறுநாளும் இறங்கவில்லை. "பாத்தியா, கண்ணாடி மூடி போட்டேன்ல, ஆவியாகறதே நின்னுடுச்சு" என்று அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். அம்மா, "அட, ஆமாங்க" என்றாள். இப்படியே இரண்டு மாதம் ஓடிற்று. மீன்கள் கொழுகொழுவென்று இருந்தன. வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அப்பா மூடியைத் திறந்து திறந்து காட்டினார்.

அப்புறம் எனக்குக் காய்ச்சல் வந்து ஒருநாள் வீட்டில் படுத்திருந்தேன். அப்பாவின் ஆபீஸ் பஸ் போனதும் அம்மா சமையலறையிலிருந்து ஒரு சொம்பு ஃபில்டர் தண்ணீரைக் கொண்டுவந்து, மூடியைத் தூக்கி, கோடு வரை நிதானமாக ஊற்றினாள். நான் கண்ணை மூடித் தூங்குவதுபோலப் பாசாங்கு செய்தேன். சாயங்காலம் அப்பா ஷூவைக் கழற்றுவதற்குள் சொல்லிவிட்டேன். அந்த வயதில் என்னைப்போல ஒரு கோள்மூட்டி அந்தத் தெருவிலேயே கிடையாது.

அப்பாவுக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. கடல் மீனுக்கு நல்ல தண்ணீரை ஊற்றினால் அது உயிரோடிருக்குமா, இத்தனை நாள் இருந்ததே அதிர்ஷ்டம் என்று கத்தினார். "ஒருதடவ மீன் வாங்கின கடைக்காரரத்தான் கேளுங்களேன்" என்று அம்மா கெஞ்சினாள். "கேக்கறதுக்கு என்ன இருக்கு?" என்று சொல்லிவிட்டு என் தோளில் கை வைத்தார். "இனிமே நீதான் இன்சார்ஜ். டெய்லி கார்த்தால ஒரு மக். அம்மாவ கிட்ட விடாத."

எனக்குத் தலைகால் புரியவில்லை. பாத்ரூம் மூலையில் உப்புத் தண்ணீர் வாளி நின்றது. தினமும் காலையில் பல் தேய்த்த கையோடு ஒரு மக் மொண்டு, சிந்தாமல் நடந்து, ஸ்டூல் மேல் ஏறி ஊற்றுவேன். அம்மா பக்கத்தில் வந்தால், "தள்ளிப் போம்மா" என்பேன். அவள் போய்விடுவாள்.

ஒரு மாதம் தாண்டியதும் மீன்கள் தீனி தின்ன மேலே வரவில்லை. மூடியின் ஓரத்தில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்தது. பட்டாணி கல்லுக்கு அடியில் கிடந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. விரலை வைத்தேன். வரவில்லை. ஒரு சனிக்கிழமை காலை மல்லாந்து மிதந்தது. தொண்டை கட்டும்வரை அழுதேன். மிட்டாயும் அதே மாதிரி மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது. அதையாவது காப்பாற்ற வேண்டும் என்று அம்மாதான் ஒரு பாட்டிலில் தொட்டித் தண்ணீரைப் பிடித்து, அப்பாவையும் என்னையும் ஸ்கூட்டரில் ஏற்றி, பிரேசர் டவுனுக்குக் கிளப்பினாள். மீன்களை வாங்கிய கடை அங்கேதான் இருந்தது.

கடைக்கார பாய் தண்ணீரில் ஒரு குழலை விட்டுப் பார்த்தார். "யா அல்லா, உப்பு இவ்ளோ ஜாஸ்தியா? மீனு எப்படி சார் நிக்கும்? தண்ணி கொறைஞ்சா என்னாத்த ஊத்தறீங்க?"

எனக்குத்தானே தெரியும். முந்திக்கொண்டு முன்னால் போனேன். "நான்தான் அங்கிள் இன்சார்ஜ். டெய்லி காலைல ஒரு மக்கு..."

"நான்தாங்க பண்ணிட்டேன்" என்றாள் அம்மா, சத்தமாக. "கடல் மீனாச்சேன்னு ரெண்டு கை கல்லுப்ப அள்ளிப் போட்டுட்டேன். தெரியாமப் பண்ணிட்டேன்."

பாய் அம்மாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். குழலைத் துணியில் நிதானமாகத் துடைத்தார். "அதான்மா, அதான் ஆயிருக்கு" என்றார். பிறகு என்னிடம் குனிந்து, "பாப்பா, அம்மா போட்ட உப்பு எறங்கணும்ல? இனிமே நீ டெய்லி சாதா தண்ணி ஊத்து. உப்புத் தண்ணி வேணாம். மீனு பொழைச்சுக்கும்" என்றார். அப்பா என்ன செய்துகொண்டிருந்தார் என்றா கேட்கிறீர்கள்? மீன் தீனி டப்பா ஒன்றைக் கையில் எடுத்து அதன் பின்பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார். அவ்வளவு சின்ன எழுத்தை அவ்வளவு நேரம் அவர் படித்து நான் பார்த்ததே இல்லை.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கல்லுப்பாம்! பட்டாணியைக் கொன்றதே இவள்தான். வழியெல்லாம் ஸ்கூட்டரில் அவளை முட்டி முட்டித் தள்ளினேன். நான் பென்சிலைத் தொலைத்தாலே திட்டும் அப்பா அவளை ஒரு வார்த்தை திட்டவில்லை என்பது அதைவிட ஆத்திரம். திங்கட்கிழமை வகுப்பில் எல்லாரிடமும், எங்கள் அம்மாவுக்கு ஒன்றுமே தெரியாது, மீன் தொட்டியில் சமையல் உப்பைப் போட்டுவிட்டாள் என்று சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

அந்தக் கடையில் நின்ற நான்கு பேரில் மூன்று பேருக்கு, பட்டாணியைக் கொன்றது எந்த மக் என்று தெரியும். தெரியாத ஒரே ஆள் நான்தான். இன்று நினைத்தால் அந்த ஒன்பது வயதுப் பெண்ணைப் பிடித்து நாலு சாத்து சாத்த வேண்டும் போலிருக்கிறது. அன்று யாரும் சாத்தவில்லை.

ஒரு வாரம் அம்மாவோடு பேசவில்லை. மிட்டாய் மெல்ல மெல்ல மேலே வந்து தீனி தின்ன ஆரம்பித்தது. ஒருநாள் காலை நான் மக்கோடு ஹாலுக்கு வரும்போது அம்மா தொட்டிப் பக்கம் நின்றிருந்தாள். "இங்க வராத. நீ வந்தா இதுவும் செத்துடும்" என்றேன்.

"சரிடி, வரல" என்றாள். போகிற போக்கில் என் மக்கில் ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். அதற்கும் ஒரு கத்து கத்தினேன். அவள் எனக்கு டிபன் கட்டப் போனாள்.