அணையாத சமையலறை விளக்கு

திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பதினெட்டு வருஷமாக எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறேன். என் சரக்கை நாலு பேர் முன்னால் யாராவது குறை சொன்னால் எனக்குக் கோபம் வரும். பங்காரு அண்ணன் ஒரே சென்சாரை இரண்டு தடவை மாற்றிக்கொண்டு போய், மூன்றாவது தடவையும் வந்து நின்றவர். ஆகவே அவரைப் பற்றி நான் நடுநிலையாக எழுதுவேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

அரக்கோணத்தில் ரயில்வே சிக்னல் பிரிவில் முப்பத்து மூன்று வருஷம் இருந்தவர். ரிட்டயர் ஆன மறுநாளிலிருந்து வீட்டில் விளக்கு அணைப்பதை உத்தியோகமாக எடுத்துக்கொண்டார். ஆளில்லாத அறையில் பல்பு எரிந்தால் அவருக்குச் சோறு இறங்காது. கரண்ட் பில்லுக்காக அல்ல. பென்ஷன் வருகிறது. யாருமே இல்லாத இடத்தில் அது யாருக்காக எரிகிறது என்பதுதான் அவர் கேள்வி. 

வீடு மலைப்படிக்கு இரண்டு தெரு தள்ளி. அங்கே வீடு இருப்பவர்களுக்குச் சொந்தக்காரர்கள் குறைவதே இல்லை. கிருத்திகைக்குக் கிருத்திகை, செவ்வாய்க்குச் செவ்வாய் யாராவது மொட்டை போட, காது குத்த, சும்மா கும்பிட என்று வந்துவிடுவார்கள். பையை வைப்பார்கள், குளிப்பார்கள், மலையேறுவார்கள், இறங்கி வந்து சாப்பிடுவார்கள். ஊருக்குக் கிளம்பும்போது பாத்ரூம், பின்கட்டு, மாடிப்படி என்று எல்லா விளக்கையும் எரியவிட்டுவிட்டுப் போவார்கள். அம்மையார்குப்பத்துச் சித்தப்பா ஒருவர் மாடி விளக்கைப் போட்டுவிட்டு அறையைப் பூட்டிச் சாவியையும் இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டார். பங்காரு அண்ணன் அன்றே பஸ் பிடித்துப் போய்ச் சாவியை வாங்கி வந்தார்.

அதற்கு அடுத்த நாள்தான் என் கடைக்கு வந்தார்.

"ஆள் வந்தா எரியணும், ஆள் போனா அணையணும். அந்த மாதிரி இன்னா கீது?"

ஐந்து சென்சார் கொடுத்தேன். ஆள் அசைந்தால் விளக்கைப் போடும், அசைவு நின்றால் நாம் வைத்த நேரத்தில் அணைக்கும். அவரே மாட்டிக்கொண்டார். எல்லாவற்றுக்கும் ஒரு நிமிஷம் என்று வைத்தார். பிறகு ஒரு நோட்டுப் போட்டார். எந்த அறை விளக்கு எப்போது எரிந்தது, எப்போது அணைந்தது என்று பத்தி பத்தியாக எழுதினார். பின்கட்டு விளக்கை ஏற்றியது யார் என்ற பத்தியில் பாதிக்கு மேல் 'குரங்கு' என்றே இருக்கும்.

கூடத்து விளக்கு மட்டும் அவரைப் படுத்தியது. அசையாமல் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறவர். அவர் தலையங்கத்தின் இரண்டாவது பத்திக்கு வரும்போது அணைந்துவிடும். பேப்பரை ஒரு உதறு உதறுவார், எரியும், தொடர்வார். நான் போயிருந்தபோது பேச்சுக்கு நடுவில் நாலு தடவை உதறினார்.

"கைக்கு எக்சர்சைஸ்" என்றார்.

அவர் மனைவி பாஞ்சாலி அக்காவுக்கு அப்போது முழங்கால் வீங்கியிருந்தது. அரக்கோணத்து டாக்டர் இரண்டு மாசம் காலை நீட்டி உட்காரச் சொல்லியிருந்தார். வீக்கம் வற்றவில்லை என்றால் ஆபரேஷன்தான். அக்காவின் மூத்த அக்கா பள்ளிப்பட்டில் இருக்கிறார். ஆபரேஷன் முடிந்து மூன்று வருஷமாகியும் வாசலைத் தாண்டவில்லை. இந்த அக்காவோ ஆடிக் கிருத்திகைக்குப் படியேறாமல் ஒரு வருஷமும் விட்டதில்லை. ஆபரேஷன் என்ற சொல் காதில் விழுந்தாலே முகம் வெளுத்துவிடும்.

முதல் மாசம் முடிந்து போனபோது டாக்டர் கேட்டிருக்கிறார். "ரெஸ்ட் எடுக்கறாங்களா?"

"நல்லா எடுக்கறாங்க சார். வீட்ல வேலையே கெடையாது, நாங்க ரெண்டு பேர்தான்" என்று அண்ணன் சாட்சி சொன்னார்.

"ஆங்" என்றார் அக்கா.

வீக்கம் முன்பைவிட அதிகமாக இருந்தது. டாக்டர் இன்னும் ஒரே ஒரு மாசம் பார்க்கலாம் என்றார்.

சமையலறை சென்சார் தகராறு முதல் மாசத்திலேயே ஆரம்பித்திருந்தது. இரண்டு பக்கமும் பக்கத்து வீட்டுச் சுவர் ஒட்டிய வீடு. பட்டப்பகலிலும் சமையலறையில் விளக்கு வேண்டும். அந்த விளக்கு காலை ஐந்து மணிக்கு ஏறினால் ராத்திரிதான் இறங்குகிறது, நடுவில் அணைந்து பார்த்ததே இல்லை என்று சென்சாரைக் கொண்டுவந்தார். மாற்றிக் கொடுத்தேன். பத்து நாளில் அதையும் கொண்டுவந்தார். அதையும் மாற்றிக் கொடுத்தேன். டாக்டரிடம் போய் வந்த அடுத்த வாரம் மூன்றாவதையும் தூக்கிக்கொண்டு வந்து, கடையில் ஆள் நிறைய இருக்கும்போது மேஜைமேல் வைத்தார்.

"லைட்ட போட்டு அணைக்கிற ரிலே புடிச்சுகினு வுடமாட்டேங்குது சுதாகரு. சிக்னல்ல இப்டி ஒண்ணு இருந்தா வண்டி மேல வண்டி ஏறிடும். இன்னா சரக்கு விக்கிற நீ?"

எனக்குச் சுருக்கென்றது. கடையைப் பையனிடம் விட்டுவிட்டு அவரோடு கிளம்பினேன். சென்சாரைத் திரும்ப மாட்டினேன். அக்கா அடுப்பில் ஒரு காலும் அம்மியில் ஒரு காலுமாக இருந்தார். அன்று செவ்வாய்க்கிழமை. பள்ளிப்பட்டிலிருந்து ஏழு பேர் மலைக்குப் போயிருந்தார்கள்.

"அக்கா, ஒரு அஞ்சு நிமிஷம் கூடத்துல வந்து ஒக்காருங்க. டெஸ்ட் பண்ணணும்" என்றேன்.

வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். மூன்று பேரும் சமையலறையையே பார்த்துக்கொண்டிருந்தோம். சரியாக ஒரு நிமிஷத்தில் விளக்கு அணைந்தது.

"ஐய, இருட்டாயிடுச்சே, கொழம்பு இன்னா ஆச்சோ" என்று அக்கா எழுந்து உள்ளே போனார். விளக்கு எரிந்தது. அதற்குப் பிறகு அணையவில்லை.

"சென்சார் நல்லாதான் கீது" என்றேன். இவ்வளவுதான் சொன்னேன்.

பங்காரு அண்ணன் நோட்டை எடுத்தார். சமையலறைப் பத்தியில் முப்பத்தெட்டு நாளும் 'கோளாறு' என்று எழுதியிருந்தார். சிக்னல்காரருக்கு ரிலே மேல்தான் முதலில் சந்தேகம் வரும். வீட்டு மனுஷி நிற்கிறாளா உட்காருகிறாளா என்று ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை. ஒரு மணி நேரத்துக்கு ஒரு நிமிஷமாவது அவள் உட்கார்ந்திருந்தால் அந்த விளக்கு அணைந்திருக்கும். முப்பத்தெட்டு வரியையும் ஒவ்வொன்றாக அடித்தார். கூடத்து விளக்கு அணைந்தது. அவர் கையை உதறவில்லை. இருட்டிலேயே உட்கார்ந்திருந்தார். நான் சொல்லாமல் கிளம்பிவிட்டேன்.

அடுத்த நாளிலிருந்து சமையலறைக்குள் போனார். முதல் வாரம் அவர் செய்ததைச் சரிசெய்யவே அக்காவுக்கு இரட்டை வேலை. விளக்கு முன்பைவிட அதிகமாக எரிந்தது. நோட்டில் அதையும் எழுதினார். இரண்டாவது வாரம் பாத்திரம் தேய்க்கக் கற்றுக்கொண்டார். மூன்றாவது வாரம் அவர் வைத்த ரசத்தை அக்கா ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்.

டாக்டரிடம் போக நாலு நாள் இருக்கும்போது கிருத்திகை வந்தது. பதினொரு மணிக்கு எனக்குப் போன்.

"கடைய வுட்டு ஒடனே வா. கிச்சன் லைட் அணைஞ்சிடுச்சு."

நாலாவது சென்சாரையும் பையில் போட்டுக்கொண்டு, அவரை மனதுக்குள் திட்டிக்கொண்டே போனேன். சமையலறை வாசலுக்கு ஓரடி இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். வாயில் விரலை வைத்துக் காட்டினார். எட்டிப் பார்த்தேன். எல்லாப் பாத்திரமும் கழுவிக் கவிழ்த்திருந்தது. குறை கண்டுபிடிக்க உள்ளே போன அக்கா, செய்ய ஒன்றும் மிச்சமில்லாமல் முக்காலியில் உட்கார்ந்திருக்கிறார். காலை அரிசி டின் மேல் நீட்டி, சுவரில் தலை சாய்த்து, இருட்டில் தூங்கிக்கொண்டிருந்தார்.

"ரிப்பேர் இல்ல. சும்மா, பாரேன்னு கூப்ட்டேன்" என்றார் மெல்ல.

அந்த நேரம் பார்த்து வாசலில் எட்டு பேர் மொட்டைத் தலையும் சந்தனமுமாக வந்து நின்றார்கள். அம்மையார்குப்பத்துச் சித்தப்பாதான் முன்னால்.

"பங்காரு, காப்பி போடச் சொல்லுப்பா."

அண்ணன் ஒரு காலை எடுத்து வைத்தார். உள்ளே போனால் விளக்கு எரியும். காலைப் பின்னால் வைத்துக்கொண்டார்.

"முனைக் கடையில வாங்கித் தரேன், வாங்க. கிச்சன்ல லைட் எரியல."

"ரிப்பேரா?"

"ஆங். சென்சார் சரியில்ல. இவன் கடையில வாங்கனது."

எட்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஆமாங்க," என்றேன். "மட்டமான சரக்கு."