இறங்கி ஏற இருபது நிமிடம்

கட்டட வேலையிடத்தில் எல்லாரும் அவளைக் 'கிரேன் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். ஒன்பது வருடமாக உயரமான கிரேன்களை ஓட்டுகிறாள். ஏணியில் இறங்கிக் கழிப்பறைக்குப் போய்த் திரும்பி ஏற இருபது நிமிடம் ஆகும். அதுவரை கீழே நாற்பது பேர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அதனால் காலையில் அரை டம்ளர் தண்ணீரோடு ஏறுபவள், மதியம் வரை வாயை நனைக்க மாட்டாள்.

ஒரு நாள் கம்பிக் கட்டு அந்தரத்தில் தொங்கும்போது விலாவுக்குக் கீழே உயிர்போகிற வலி வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கட்டைப் பத்திரமாக இறக்கிவைத்த பிறகுதான் கைப்பிடியை விட்டாள். இரண்டு பேர் ஏறி, இடுப்பில் கயிறு கட்டி அவளை இறக்கினார்கள்.

சிறுநீரகத்தில் கல். "ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிப்பீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"நாலு டம்ளர் இருக்கும். எட்டு டம்ளர்னு சொல்றாங்களே, அவ்வளவு வேணுமா?"

"எல்லாருக்கும் ஒரே கணக்கு கிடையாதும்மா. யூரின் வெளிர் மஞ்சளா போகணும், அதைப் பார்த்துக்குங்க. உங்களுக்குக் கல் வந்திருக்கு, வேலையும் வெயில்ல. மூணு லிட்டருக்குக் குறையக் கூடாது."

பத்து நாளில் கல் தானாக வெளியேறியது. வேலைக்குத் திரும்பியதும் நேராக மேற்பார்வையாளரிடம் போனாள். "காலையில ஒருதரம், சாயங்காலம் ஒருதரம் இறங்குவேன் சார்."

"வேலை நின்னுடுமேம்மா."

"நான் மேலே மயங்கி விழுந்தா மட்டும் ஓடுமா?"

அவர் தலையைச் சொறிந்துகொண்டே சம்மதித்தார். மறுநாள் பத்து மணிக்கு அவள் இறங்கியபோது, கம்பி கட்டுகிறவர்களும் வேலையை நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடிக்கக் குழாயடியில் வரிசையாக நின்றார்கள்.