வழக்கில் சிக்கிய பலாக்கொட்டைகள்

அழுகக்கூடிய வழக்குப் பொருளைக் காலம் தாழ்த்தாமல் விடுவிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. நீதிமன்றப் பணியில் இருந்தபோது அதை நானே பலருக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறேன்.

ஓய்வுக்குப் பின் வந்து சேர்ந்த அடுக்கம் மலைக்கிராமத்தில் என் பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் அண்ணன் தம்பி. வரப்பில் நின்ற பலாமரம் யாருக்கு என்பதில் ஆனி மாதம் சண்டை. "ஒனக்கும் வேணாம், எனக்கும் வேணாம்லே" என்று அண்ணன் கோடரியால் மரத்தைச் சாய்த்தான். பழுத்திருந்த ஒரே பழத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிய தம்பி செல்வத்தின் தோளிலும் அதே கோடரி இறங்கியது. பழம் பிளந்து, சுளையும் ரத்தமும் ஒன்றாகச் சிதறின. நான் கத்தியதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை.

போலீஸார் கொட்டைகளைப் பொறுக்கித் துணிப்பையில் போட்டு முத்திரை வைத்தார்கள். பலாக்கொட்டை காய்ந்தால் செத்துவிடும், ஈர மணலில் வைத்துச் சீக்கிரம் ஊன்ற வேண்டும் என்றேன்.

"முளைச்சிருச்சுன்னா கோர்ட்டுல மரத்தையா சார் கொண்டுபோய் நிறுத்துறது?" என்றார் ஏட்டு.

கொட்டைகளை விடுவிக்கக் கோரி நீதிமன்றத்தில் முறைப்படி மனுப் போட்டேன்.

மறுநாள் செல்வத்தின் மனைவி வந்தாள். முந்தானையில் ரத்தம் தோய்ந்த மூன்று கொட்டைகள். "அவரு வேட்டி மடிப்புல கெடந்துச்சுங்க. கண்ணு முழிச்சதும் மரத்தத்தான் கேட்டாரு. இதையும் ஸ்டேஷன்ல குடுக்கணுமா சார்?"

கொடுக்கத்தான் வேண்டும். மறைப்பது குற்றம்; பிரிவு எண்கூட எனக்குத் தெரியும். "வெரசா கழுவிக் குடும்மா" என்று சொல்லிவிட்டு, தொட்டி மணலை நனைத்தேன்.

இரண்டு அழுகின. ஒன்று முளைத்தது. அதற்குச் செல்வம் இப்போது இடக்கையால் தண்ணீர் ஊற்றுகிறான். சட்டத்தை மீறினால் தூக்கம் வராது என்று நினைத்திருந்தேன், நன்றாகவே வந்தது.

காவல் நிலையத்துக் கொட்டைகளைப் பெற்றுக்கொள்ளலாம் என்ற பதில் கார்த்திகை முதல் தேதி வந்தது.