முள்முருக்கம் பூவுக்குச் சிவப்பு நூல்

நானும் பக்கத்து வீட்டுச் சிநேகிதியும் சாவகச்சேரியில் ஒரே தையல் வகுப்பில் பூவேலை பழகினோம். வகுப்பு முடிந்த வருடம் அவள்தான் சொன்னாள்: "எடி, எங்கடை வேலியைத் தைப்பம். உன்ரை பக்கத்தை நீ தை, என்ரை பக்கத்தை நான் தைக்கிறன்."

கட்டில் விரிப்பு அளவு வெள்ளைத் துணியில், செக்கச்செவேலென்று பூத்து நின்ற முள்முருக்கு வேலியைப் பென்சிலால் கீறினோம். பின்னேரங்களில் அவள் வேலியில் ஆள் நுழையக்கூடிய பொட்டுக்குள்ளால் குனிந்து வருவாள். இருவர் மடியிலும் துணியை விரித்து, இரண்டு கரையிலிருந்தும் நடுவை நோக்கித் தைத்தோம். இன்னும் ஒரு முழம் இருக்கையில் சிவப்பு நூல் முடிந்தது; அவளுக்குக் கனடா மாப்பிள்ளையும் பொருந்தியது.

"நான் போய் நூல் அனுப்பிவிடுறன். நீ முடிச்சு வை," என்றாள்.

நூல் வரவில்லை. நாட்டில் சண்டை மறுபடி தொடங்க, கொழும்பிலிருந்து வரும் சாமான்களும் நின்றன. நெல்லியடி, மருதனார்மடம் என்று சைக்கிளில் கடை கடையாக ஏறி இறங்கினேன்.

"தங்கச்சி, குளிக்கச் சவர்க்காரமே இல்லை. நீங்கள் சிவப்பு நூல் கேக்கிறியள்," என்று ஒரு கடைக்காரர் சிரித்தார்.

அந்த வருடம் அம்மாவும் செத்துப்போனா. வீட்டில் நான் மட்டும். இருந்த பச்சை நூலால் இலைகளைத் தைத்து முடித்தேன். பூக்களின் இடம் வெறும் பென்சில் கோடாகக் கிடந்தது.

ஒருநாள், அவள் பக்கத்துப் பூக்கள் மிக நெருக்கமாக இருப்பதாகப் பட்டது. நாலைந்தைப் பிரித்தால் அந்த நூலே நடுவுக்குப் போதும். ஊசி முனையால் ஒரு பூவைக் கிளப்பினேன். பாதியில் நூல் இறுகிக்கொண்டது. துணியைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கத்தில் ஒரு தடித்த முடிச்சு. முடிச்சுப் போடக்கூடாதென்று தையல் ரீச்சர் எத்தனை தரம் ஏசியும் அவள் விடாத பழக்கம் அது. பல்லால் கடித்து அறுக்கக் குனிந்தவள், அப்படியே இருந்துவிட்டேன். அவள் தைத்ததைக் கலைத்துத்தான் இதை முடிக்கவேண்டுமென்றால், எனக்கு முடிக்க வேண்டாம்.

துணியை மடித்து அலுமாரியில் வைத்தேன். 'இனித் தைக்கமாட்டன், விட்டிட்டன்' என்று அவளுக்கு எழுதினேன்.

ஐந்து மாதம் கழித்துப் பதில் வந்தது. பனி, பிள்ளைக்குப் பல் முளைத்தது, இரண்டு படங்கள். துணியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இரண்டாம் தரமும் வாசித்தேன். கோபம் வரவில்லை. அதைப் பற்றி எழுத அவளிடம் ஒன்றும் இருந்திருக்காது.

அன்று பின்னேரம் என்ன செய்வதென்று தெரியாமல், காலையில் கூட்டிய முற்றத்தை மறுபடி கூட்டினேன்.